ஆகையால் நாளை மழை வராது

"தவளை நமக்கு மிகவும் உபயோகமானது" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். எந்த விதத்தில் உபயோகம் என்று கேட்டேன். "பசு மாட்டுக்கு அப்படித்தான சார் எழுதச் சொன்னீங்க" என்றான். அவனைக் குற்றம் சொல்ல வழியில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் எதைப் பற்றி வியாசம் எழுதினாலும் அதற்குக் கால் எத்தனை, தின்பது என்ன, நமக்கு என்ன உபயோகம் என்ற மூன்றோடு கதை முடிந்துவிடும். காந்தக்கல்லைப் பற்றி எழுதச் சொன்னபோது ஒருவன் அதற்குக் காலே இல்லை என்று வருத்தத்தோடு ஆரம்பித்திருந்தான்.

ஆரம்பப் பள்ளிகளில் இயற்கைப் பாடம் என்ற ஒன்று அப்போதுதான் நுழைந்திருந்தது. அந்தப் பாடத்தையும் வியாசம் எழுதுவதையும் தனித்தனியாக நடத்தக் கூடாது, பிள்ளைகள் கண்ணால் பார்த்ததைத்தான் கையால் எழுத வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவுகளைக் கண்டாலே எனக்கு முகம் சுளிக்கும். ஆனால் இதைப் படித்தபோது யாரோ என் மனதில் இருந்ததை எடுத்து எழுதியதுபோல இருந்தது. எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று. ஒரு உத்தரவை நம்பிவிடக்கூடிய வயதுதான்.

நான் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்து போய்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நெசவாளர் தெருக்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. பையன்களும் பெண்களுமாக ஒன்றாம் வகுப்பில் கும்பலாக வந்து சேர்வார்கள். நூல் சுற்றக் கை பழகியதும் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பு வரை வந்த ஒரே பெண் ஒரு நெசவாளரின் மகள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த பெண், பேச்சு குறைவு, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவளுடைய அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். அந்தத் தெருவில் அதுவே பெரிய விஷயம். பங்குனிப் பரீட்சையில் தேறினால் பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ப்பதாக அவர் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். சொன்னதை அந்தப் பெண் நின்று கேட்டாள். அன்று முதல் அவளுக்கு நாள், கிழமை, சோறு, தண்ணீர் எல்லாமே அந்தப் பரீட்சைதான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அதே நினைப்புத்தான் ஓடும்.

அவரையை முளைக்க வைத்துப் பார்த்தோம். பிள்ளைகள் பார்க்காமலேயே எழுதினார்கள். அகத்திப் பூவைப் பிரித்துக் காட்டினேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரியல் செய்துவிட்டார்கள். கடைசியில் வானத்தைப் பிடித்தேன். அதைப் பொரியல் செய்ய முடியாது. அதோடு அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு வானம் பழகிய விஷயம். பாவு நூலைத் தறியில் ஏற்றுமுன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, உலர்த்திச் சுருட்டுவார்கள். விடியற்காலையில் நடக்கும் வேலை. நடுவில் மழை வந்தால் பாவு போயிற்று. அதனால் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்க்குமுன் எல்லாரும் வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

தினமும் சாயங்காலம் பள்ளி விடுமுன் பிள்ளைகளை வெளியே நிறுத்தினேன். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள், அதைத் தவிர வேறொன்றும் சொல்லாதீர்கள் என்றேன். யாராவது ஒருவர் அதை வாக்கியமாக்கிப் பலகையில் எழுத வேண்டும். உள்ளே இருட்டு என்பதால் பலகையை வெளிச் சுவரில் மாட்டினோம். தலைமை ஆசிரியருக்கு அதில் ஒரு சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் வேலை நடப்பது தெருவுக்கும் தெரியட்டுமே என்றார்.

முதல் வாரம் "மேகம் நமக்கு மிகவும் உபயோகமானது" என்றுதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன். பிறகு மெல்ல மெல்ல வந்தது. அந்தப் பெண் எழுதியது இப்போதும் என் கண்முன் நிற்கிறது. "காற்று தெற்கேயிருந்து வீசியது. மேற்கே ஒரு மேகம் இருந்தது. அதன் அடிப்பக்கம் கறுப்பு, மேல்பக்கம் வெள்ளை. தட்டான் பூச்சிகள் எங்கள் முழங்கால் உயரத்தில் பறந்தன." அவ்வளவுதான். படித்துவிட்டு நான் வீடு வரைக்கும் யாரோடும் பேசாமல் நடந்தேன். சந்தோஷத்தைப் பேச்சில் சிந்திவிடக்கூடாது என்று இருந்தது. முழங்கால் உயரம் என்று எழுது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆவணியில் டிப்டி இன்ஸ்பெக்டர் வந்தார். பலகையின் முன் நின்று படித்தார், தலையை ஆட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு, "எல்லாம் சரி. முடிவுரை எங்கே?" என்றார்.

"இது பார்த்ததை எழுதுகிறது. வானம் முடிவு ஒன்றும் சொல்லவில்லையே" என்றேன்.

"சயன்ஸானாலும் வியாசம் வியாசம்தான். ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் வேண்டாமா? மொட்டையாக நிற்கிறது."

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற தலைமை ஆசிரியர் என் மேல்துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். இன்ஸ்பெக்டரின் ஒரு வார்த்தையில்தான் பள்ளிக்கூடத்துக்கு வரும் உதவித்தொகை தொங்கிக்கொண்டிருந்தது. துண்டு இழுக்கப்பட்டால் பேச்சு நிற்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. நிறுத்திக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் குறிப்புப் புத்தகத்தில் "முடிவுரை தேவை" என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து பலகையில் முடிவுரை ஏறியது. மேகத்தையும் காற்றையும் எழுதிவிட்டு ஒரு பிள்ளை முடிவுரை எழுத வேண்டுமானால் வேறென்ன எழுதும்? "ஆகையால் நாளை காலை மழை வராது." அல்லது "ஆகையால் நாளை மழை வரும்." பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆகையால் என்று எழுதும்போதே அவர்கள் முதுகு நிமிரும்.

தெருவுக்கும் பிடித்துப் போயிற்று என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். சாயங்காலம் பலகைக்கு எதிரே நாலு பேர், பிறகு பத்துப் பேர் நிற்க ஆரம்பித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பெண்ணின் அப்பா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்வார். மேகம், காற்று, தட்டான் பூச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார்கள். கடைசி வரி வந்ததும் ஒரு தலையாட்டலோடு கலைவார்கள். ஆவணி, புரட்டாசியில் எங்கள் பக்கம் மழை பெய்தால் பெரும்பாலும் ராத்திரியோடு போய்விடும். விடியற்காலையில் மழை வராது என்று ஒரு கழுதை சொன்னாலும் பலிக்கும். பலகை சொன்னது பலித்துக்கொண்டே வந்தது.

அந்த ஊரில் எழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு. பஞ்சாங்கத்தில் அச்சான எழுத்தும், பள்ளிக்கூடச் சுவரில் சாக்கட்டியால் எழுதிய எழுத்தும் அவர்களுக்கு ஒரே எழுத்துதான். முன்பெல்லாம் விடியற்காலையில் அனுபவஸ்தர் ஒருவர் வெளியே வந்து, மூக்கை உயர்த்திக் காற்றை மோந்து பார்த்து, "நட்டுக்கலாம்" என்பார். பிறகுதான் பாவுக்கு முளை அடிப்பார்கள். இப்போது அவரும் பலகையைக் கேட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். இது தெரிந்து நான் பதறிப் போய் ஆண்களிடம் சொன்னேன். பிள்ளைகள் எழுதிப் பழகுகிறார்கள், இதை நம்பாதீர்கள் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். வாத்தியார் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி பிறந்தது. தீபாவளிக்குச் சேலைகள் முடிக்க வேண்டிய அவசரம். அன்று எழுத வேண்டிய முறை அந்தப் பெண்ணுடையது. வானம் அலம்பிவிட்டது போல் இருந்தது. அவள் அதையெல்லாம் அழகாக எழுதி, கடைசியில், ஆகையால் நாளை காலை மழை வராது என்று முடித்தாள். அவளுடைய அப்பா வழக்கத்தைவிட உரக்கப் படித்தார். மகள் எழுதியது அல்லவா.

மறுநாள் காலை நான் பாதி வழி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே ஓடினேன். நான் ஓடி என்ன ஆகப் போகிறது? தெருவில் இரண்டு பாவுகள் நீட்டியிருந்தன. ஆண்களும் பெண்களும் ஓலைப் பாயையும் கோணியையும் கொண்டுவந்து போர்த்தினார்கள். கஞ்சி கரைந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அரக்குச் சாயம் இறங்கி வெள்ளையில் ஏறியது. அவிழ்க்கப் போன அவசரத்தில் இழைகள் கொத்துக் கொத்தாக அறுந்தன. ஒரு கோணியின் முனையை நானும் பிடித்தேன். ஒருவர் அதை மெல்ல என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது.

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பாவுகள் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்களுடையவை. அந்தப் பெண்ணின் அப்பா தெரு நடுவில் மழையில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் அவளும் நனைந்த பாவைக் கூடத்தில் பரப்பி வைத்து, ஒட்டிய இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாவை இவர்களே கேட்டு வாங்கி வந்திருந்தார்களாம்.

"வாங்க சாமி, ஒக்காருங்க. கையி ஈரமா இருக்குது, கும்பிட முடியல" என்றார்.

"பொண்ணை ஏன் அனுப்பலே?"

"கோவம் ஒண்ணும் இல்ல சாமி. தெருவுல தல காட்ட முடியல. எம்பொண்ணு எழுதிக்கீறா, நாளைக்கு மழ இல்லன்னு நான்தான படிச்சி சொன்னேன்."

"அது குழந்தைகள் எழுதிப் பழகறது. நான் அப்பவே சொன்னேனே."

"பழகுறதுன்னா உள்ள எழுதணும் சாமி. தெருவப் பாத்து எழுதினா ஊருக்குச் சொல்றதுன்னுதான அர்த்தம்?"

 அவள் தலை நிமிராமல் இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. பரீட்சை பங்குனியில்தான், இன்னும் கொஞ்ச மாசம்தான் இருக்கிறது, நல்ல புத்திசாலிப் பெண் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவர் யோசித்தார்.

"ஒண்ணு செய்யலாம் சாமி. அது கொழந்த, அதுக்கு இன்னா தெரியும்? கடேசி வரிய நீங்களே தெனம் எழுதுங்க. தெருவு ஒத்துக்கும். பொண்ணயும் அனுப்புறேன்."

"எனக்கும் தெரியாதே."

"அப்படி சொல்லாதீங்க. தெரியாதவரா பாடம் நடத்துவாரு? எங்க மேல கோவம், அதான் சொல்ல மாட்டேங்கிறீங்க."

"கோபமே இல்லே. சத்தியமா எனக்குத் தெரியாது."

"நாமத்தப் போட்டுக்கினு சத்தியம்லாம் பண்ணாதீங்க சாமி" என்றார் வருத்தத்தோடு. அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சரி என்று சொல்லுங்களேன் என்ற பார்வை. சரி என்றேன்.

தலைமை ஆசிரியரிடம் போய், மழை வருமா வராதா என்பது தெரியாது என்றே தினமும் பலகையில் எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியார் தெரியாதுன்னு செவுத்துல எழுதி மாட்டினா, அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்குன்னு கேப்பாங்க. முடிவுரைன்னா முடிவா இருக்கணும்" என்றார். வேலையை விட்டுவிடலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது. விட்டால் அந்தப் பெண்ணுக்காக அங்கே யார் இருக்கிறார்கள்?

அவள் மறுபடி வந்தாள். மேகத்தையும் காற்றையும் பிள்ளைகள் எழுதினார்கள். கடைசி வரியை நான் எழுதினேன். "நாளை காலை மழை வரலாம்." பொய்யும் இல்லை, யாருக்கும் நஷ்டமும் இல்லை என்று கணக்குப் போட்டேன். என் கணக்கில் தறியே இல்லை. மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. யாரும் பாவு நீட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே எழுதினேன், அப்படியே வெயில் அடித்தது. தீபாவளி நெருங்க நெருங்கத் தெருவில் தறிச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பாடம் சொல்ல நான் கத்த வேண்டியதே இருக்கவில்லை.

ஆண்கள் வந்து நின்றார்கள். "வேணும்னே எழுதுறீங்களா சாமி?" என்று ஒருவர் கேட்டார். வானம் தெளிவாக இருந்தால் நீங்களே பார்த்து நீட்டிக்கொள்ளுங்கள் என்றேன். "எழுதி இருக்குறப்போ எப்டி மீறுறது? பாவு நனஞ்சிட்டா யாரு பொறுப்பு?" என்றார். வராமலும் போகலாம் என்று பக்கத்தில் சேர்த்து எழுதினேன். அதைப் படித்துக் கேட்டதும் தெருவே சிரித்தது. அந்தப் பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. என் பேச்சை நம்பி, இனி வாத்தியாரே எழுதுவார் என்று ஊருக்கு உறுதி சொன்னவர் அவர்தான். இரண்டாவது தடவையாக அவருக்குத் தலைகுனிவு. நான் எதைத் தொட்டாலும் அது அந்த வீட்டு வாசலில் போய் விழுந்தது.

இதற்கெல்லாம் நடுவில் அவள் வகுப்பில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் எல்லாரும் போன பிறகு கேட்டாள். "மேகம் எப்டி இருந்தா சார் கண்டிப்பா மழ வரும்?"

"கண்டிப்பான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. நிறையப் பேர், நிறைய வருஷம் பார்த்து எழுதி வெச்சா, கொஞ்சம் கொஞ்சம் சொல்லலாம்."

"அப்போ நான் எழுதினது தப்பா?"

"மேகம், காத்து, தட்டான் பூச்சி, நீ பார்த்தது அத்தனையும் சரி. கடைசி வரி நீ பார்த்தது இல்லே."

 அவள் மெல்லத் தலையை ஆட்டினாள்.  அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தெருவில் புரிந்தது அவள் ஒருத்திக்குத்தான், அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று நினைத்தேன்.

பலகையைக் கழற்றிவிடுவது என்று தலைமை ஆசிரியர் முடிவு செய்தார். நாளை மறுநாள் கழற்றிவிடலாம், தெருவுக்கும் சொல்லிவிடலாம் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பலகை போனால் சச்சரவும் போகும், பெண் பங்குனி வரை இருந்துவிடுவாள் என்று நம்பினேன். கடைசி நாள் சாயங்காலம் நான் சாக்கட்டியை எடுத்தபோது அவள் எழுந்து வந்தாள்.

"இன்னிக்கி முழுசும் நானே எழுதட்டுமா சார்?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலகை கழற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தெருவே கூடியிருந்தது. அவளுடைய அப்பா முன்னால் நின்றார். அவள் நுனிக்காலில் நின்றுகொண்டு எழுதினாள். வடகிழக்கே சாம்பல் நிறத்தில் மேகம் பரவியிருந்தது என்று எழுதினாள். காற்று நின்றுவிட்டது, கோயில் பக்கத்துப் புறாக்கள் வழக்கத்துக்கு முன்பே அடைந்துவிட்டன என்று எழுதினாள். பிறகு ஒரு வரி இடம் விட்டாள். எல்லாரும் அந்த இடத்தையே பார்த்தோம். அவள் அவசரப்படாமல், அதே அச்சுக் கையெழுத்தில் எழுதினாள்.

"நாளை மழை வருமா என்று எனக்குத் தெரியாது. நாளை பார்த்துவிட்டு எழுதுகிறேன்."

 அந்தப் பள்ளிக்கூடத்தில் நானோ, தலைமை ஆசிரியரோ, வந்துபோன இன்ஸ்பெக்டரோ எழுதாத ஒரு வாக்கியம் அது. அதைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுடைய அப்பா விரலை வைத்து எழுத்துக் கூட்டி, கூட்டத்துக்காக உரக்கப் படிக்க ஆரம்பித்திருந்தார். தெரியாது என்ற சொல்லுக்கு வந்ததும் அவர் குரல் இறங்கியது. மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைக் கைகூப்பிக் கும்பிட்டார். முகத்தில் கோபம் துளிகூட இல்லை.

"அஞ்சி வருஷம் படிச்சி, தெரியாதுன்னு எழுதக் கத்துக்கினு இருக்குது. போதும் சாமி" என்றார்.

அவள் சாக்கட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் பின்னால் போனாள்.